பசிப்பூட்டு

மகள் வனிஷாவைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கும்போது சுயம்பு ஒருநாளும் தரையைப் பார்த்ததில்லை. நிமிர்ந்துதான் நடப்பான். யாருடைய பிள்ளை இது, எப்படி வளர்த்திருக்கிறான் என்று துறைமுகத்தில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியின் பெரிய துறைமுகம் முழுக்க இயந்திரக் கைகள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பெட்டிகளை எடுப்பதும் அடுக்குவதும் அவைதான். மனிதர்கள் என்று அங்கே இருப்பவர்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகும் மரத்தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்தில் இன்னும் நின்றன. அலைக்கு ஆடிக்கொண்டிருக்கும் தோணியின் குறுகலான வயிற்றுக்குள் இறங்கி மூட்டை அடுக்க எந்த இயந்திரக் கையும் வளைந்துகொடுக்கவில்லை. ஒரு கம்பெனிக்காரன் கொண்டுவந்து முயன்று பார்த்தான். அது தோணிக்கும் கரைக்கும் குறுக்கே போட்ட பலகையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போனது. லோடுமேன்கள்தான் கொக்கி போட்டு அதை வெளியே இழுத்துக் கொடுத்தார்கள். இழுத்துக் கொடுத்தவர்களில் முதல் ஆள் சுயம்பு.

அந்த லோடுமேன்களின் ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோருமே பசியில் வளர்ந்தவர்கள். உப்பளத்தில் தாய் தகப்பனோடு வெயிலில் கிடந்து, மத்தியானம் கஞ்சி வருமா வராதா என்று பாதையைப் பார்த்திருந்தவர்கள். அதனால் அவர்களுக்குப் பிள்ளையின் எடைதான் தகப்பனின் சம்பாத்தியம். ஆயுத பூஜையன்று ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைச்சுமை என்று பேர். பூஜை முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் பிள்ளையைச் சரக்கு நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றுவார்கள். ஷெட்டுக்குத் தலைவரான கொம்பையா மைக்கைப் பிடித்து எடையைச் சொல்வார். பிறகு தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தோணித்துறையின் நுனிவரைக்கும் போய்த் திரும்புவார்கள். கனத்த பிள்ளையைச் சுமந்தவனுக்குச் சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டுவார்கள். மூன்று வருஷமாக அது சுயம்பு தலையில்தான்.

போன பூஜைக்குக் கொம்பையா, "அறுபத்தி நாலு!" என்று கூவினார். கைதட்டலில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. வனிஷாவுக்கு அப்போது பதினொரு வயது.

தினமும் சாயங்காலம் சுயம்பு வீட்டுக்கு வரும்போது கையில் பரோட்டாப் பொட்டலமோ மக்ரூன் பொட்டலமோ இருக்கும். கூட இரண்டு கூட்டாளிகள் இருப்பார்கள். தெருமுனையிலிருந்தே, "ஏலா மூட்டை!" என்று குரல் கொடுப்பான். வனிஷா வாசலுக்கு வருவாள். அவளை ஒரே தூக்காகத் தோளில் ஏற்றி, "சொல்லுங்கடே, எவ்வளவு இருப்பா?" என்று கூட்டாளிகளைக் கேட்பான். அவர்களும் ஆளுக்கொன்று சொல்வார்கள். சுயம்புவுக்கு அன்றைய அலுப்பு அத்தோடு போய்விடும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது வனிஷா போகவில்லை. முதலில் வயிற்றுவலி என்றாள், அப்புறம் தலைவலி. பிறகு காரணமே சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா சந்தனமாரி, வயசுக்கு வருகிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். சுயம்பு இரண்டு பரோட்டா கூடுதலாக வாங்கி வந்தான். படுத்திருக்கிற பிள்ளை அதை மட்டும் எழுந்து தின்றது. தின்றதைப் பார்த்து, சரியாகிவிடும் என்று அவன் நினைத்தான்.

ஒருநாள் சந்தனமாரி தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது வனிஷா கேட்டாள்.

"எம்மா, நான் செத்துப்போனா என்னத் தூக்க எத்தன பேரு வேணும்?"

சீப்பு முடிக்குள் அப்படியே நின்றது. அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கடைக்குப் போனால் என்ன வாங்கவேண்டும் என்று கேட்பது போலக் கேட்டாள். அன்று சந்தனமாரி இதைச் சொன்னதும் சுயம்பு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான். எத்தனையோ பேரை அவன் சுடுகாட்டுக்குச் சுமந்து போயிருக்கிறான். அந்தத் தோள் அன்றைக்குத் தன்னுடையதாகவே தோன்றவில்லை.

மறுநாள் மூவரும் பள்ளிப்பிள்ளைகளுக்கான நல மையத்துக்குப் போனார்கள். டாக்டர் ஜெபசெல்வி முதலில் வனிஷாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு பெற்றவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"ஈரல்ல கொழுப்பு சேந்துருக்கு அண்ணாச்சி. சர்க்கரை வர்றதுக்கு வாசல்ல நிக்குது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவளுக்கு மனச்சோர்வு. அதை நான் சின்ன விஷயமா எடுத்துக்கல, நீங்களும் எடுத்துக்கக் கூடாது."

"பன்னெண்டு வயசுல என்ன மேடம் மனச்சோர்வு?" என்றான் சுயம்பு. "நான் பன்னெண்டு வயசுல உப்பளத்துல உப்பு வாருற பலகை இழுத்தேன். சோர்வுன்னா அதுதான் சோர்வு."

"ஒங்களுக்கு உடம்பு சோந்துச்சு. உறங்குனாப் போயிருச்சு. இவளுக்கு உறங்கி எந்திச்சாலும் போவ மாட்டேங்குது."

 சந்தனமாரி கேட்டாள்: "எடை கூடினதால மனசு சோருதா, இல்ல மனசு சோந்து கண்டதையும் தின்னு எடை கூடுதா?"

"ரெண்டுந்தான் அக்கா. தோணிய ரெண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்தா எப்படியோ அப்படி. எந்தக் கயிறு முதல்ல விழுந்துச்சுன்னு சண்ட போட்டு ஒண்ணும் ஆவாது. ரெண்டையும் தளத்தணும். மனசுக்கு வாரம் ஒருநா எங்கிட்ட வந்து பேசட்டும். பசிக்கு ஒரு கருவி இருக்கு."

கருவி எள்ளளவுதான் இருந்தது. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் பக்கத்தில், தோலுக்கு அடியில் ஊசியால் வைத்துவிடலாம். பசி என்ற சேதி மேலே போகும் வழியில் அது காவல் நிற்கும். ஒன்றிலிருந்து பத்துவரை எண் உண்டு. எண் கூடக் கூடப் பசி அடங்கும். தினமும் காலையில் பெற்றவர்கள் போனில் எண்ணை வைத்துப் பெருவிரலை அழுத்தவேண்டும். மையத்தில் எல்லோரும் அதைப் பசிப்பூட்டு என்றுதான் சொன்னார்கள்.

"இதுல இன்னொண்ணும் தெரியும்" என்றார் ஜெபசெல்வி. "வயித்துப் பசிக்கு ஒரு நடை இருக்கு, மனசுப் பசிக்கு வேற நடை. வயித்துப் பசின்னா போன்ல பச்சைக் கோடு எந்திக்கும். மனசு எதையோ தாங்காம வாயைக் கேக்குதுன்னா மஞ்சக் கோடு. ரெண்டு மூணுல ஆரம்பிங்க. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காமப் போகாதிய."

வனிஷாவைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். அவள் காலைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பா சொன்னாச் சரி" என்றாள். அன்றைக்கே கருவியை வைத்துவிட்டார்கள்.

சுயம்பு அரைமூட்டை தூக்கிப் பழக்கமில்லாதவன். எதைச் செய்தாலும் முழுச்சுமையாகத்தான் செய்வான். மறுநாள் காலை அவன் எண்ணைப் பத்தில் வைத்து அழுத்தினான். டாக்டர் சொன்னதைச் சந்தனமாரி ஞாபகப்படுத்தினாள். "சட்டுன்னு முடியட்டும்" என்றான்.

பூட்டு வேலை செய்தது. வனிஷா பரோட்டாவைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் போகச் சொன்னால் போனாள். வா என்றால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்தனமாரி கறிக்குழம்பு வைத்து, நல்லியைத் தனியாக எடுத்து மகள் தட்டில் வைத்தாள். அந்த நல்லிக்காக வனிஷா அடுப்படியில் வந்து சண்டை போடுவது வழக்கம். அன்று தட்டைப் பார்த்துவிட்டு, "பசிக்கல" என்றாள்.

 பசியைப் பற்றிச் சுயம்புவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. பசியில் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான், திருடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறான், தானும் அழுது திருடியிருக்கிறான். கறிக்குழம்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பசிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை அவன் கண்டதில்லை. பசியோடு சேர்த்து வேறு என்னத்தையோ தான் பூட்டிவிட்டோம் என்று பட்டது. போனை எடுத்துப் பார்த்தான். பச்சைக் கோடு செத்துக் கிடந்தது. மஞ்சள் மட்டும் அத்தனை பூட்டையும் மீறிக்கொண்டு எழுந்திருந்தது, அதுவும் எல்லா நாளும் ஒரே நேரத்தில்.

திங்கட்கிழமை தனியாக மையத்துக்குப் போய் நின்றான். ஜெபசெல்வி எண்ணைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"பத்தா? பத்து வச்சா எந்தப் புள்ள அண்ணாச்சி சிரிக்கும்? சாப்பாட்டு மேல ஆசை போனா மத்த ஆசையும் பின்னாலயே போயிருமே!"

"தப்புதான் மேடம். இந்த மஞ்சளச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல எவளோ எம்புள்ளய வம்புக்கு இழுக்கா. ஆளு யாருன்னு தெரிஞ்சா நான் போய் அவ அப்பங்கிட்டப் பேசிக்கிடுதேன்."

ஜெபசெல்வி திரையை அவன் பக்கம் திருப்பினார். "பள்ளிக்கூட நேரத்துல மஞ்சள் கொஞ்சந்தான். இங்க பாருங்க, சாயங்காலம். தினமும் ஒரே எடத்துல மரம் மாதிரி எந்திரிச்சு நிக்கி. அந்நேரம் வீட்டுல என்ன நடக்கு?"

"ஒண்ணும் நடக்காதே. நான் வருவேன்."

சொல்லிமுடித்த பிறகுதான் அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.  ஜெபசெல்வி எண்ணை மூன்றுக்கு இறக்கிக் கொடுத்தார். "இனிமே இந்தக் கோட்டைப் பாக்காதிய. புள்ளையப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் சுயம்பு கூட்டாளிகளை டீக்கடையிலேயே கழற்றிவிட்டான். தெருமுனையில் குரல் கொடுக்கவில்லை. ஆனாலும் வண்டிச் சத்தம் கேட்டு வனிஷா வாசலுக்கு வந்திருந்தாள். வந்து நின்று, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினாள். ஊசி போடுகிறவரிடம் கையை நீட்டுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமும் அவள் இப்படித்தான் உயர்த்தினாளா? அவன் ஒருநாளும் கவனித்ததில்லை.

அவன் தூக்கவில்லை. கைகள் கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்று இறங்கின.

"இடுப்பு வலியாப்பா?"

"இல்ல. சும்மாதான். இப்படி ஒக்காரு."

படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுயம்புவுக்குப் பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

"பள்ளிக்கூடத்துல எவளும் ஏதும் சொல்லுதாளா?"

"சொல்லுவாளுவ. நானும் சொல்லுவேன். சிந்துஜாவ ஒட்டடக்கம்புன்னுதான் கூப்புடுவேன்."

உள்ளே அடுப்படியில் சந்தனமாரி சிரித்தது கேட்டது.

"பொறவு என்ன மக்களே ஒனக்கு?"

வனிஷா கால்விரலால் தரையைக் கீறினாள். "அவளுவ திட்டுதாளுவ. திட்டுனா நானும் திட்டிருவேன். நீ திட்ட மாட்டியேப்பா. நீ தூக்குவே. தூக்கிட்டு எல்லாரையும் பாக்கச் சொல்லுவே. கொம்பையா தாத்தா மைக்குல அறுபத்தி நாலுங்காரு. எல்லாரும் கை தட்டுதாங்க. ஒனக்குத்தான தட்டுதாங்க? எனக்கா தட்டுதாங்க?"

"ஏம்லா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தோத்துருவியே."

"நான் என்னத்துல தோக்க?"

"நான் கொறஞ்சுட்டா பரிவட்டம் மாடக்கண்ணு மாமாவுக்குப் போயிரும்லா." இப்போதுதான் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "போன பூஜைக்கு முந்துன நாளு, அவரு மவன் நல்லா எடை போட்டுட்டான்னு எல்லாரும் பேசுனாவ. நான் அன்னைக்குப் பூரா தின்னேன். வாந்தி வந்துச்சு. வாயக் கழுவிட்டு மறுபடியும் தின்னேன். தராசுல ஏறதுக்கு முன்னால ரெண்டு பாட்டல் தண்ணி குடிச்சேன். மூச்சே விட முடியல."

சுயம்பு எழுந்து தெருவில் இறங்கினான். முனைவரை நடந்துபோய் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறுபத்தி நாலு. அந்த எண்ணை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறான். அதில் எத்தனை கிலோவை அவள் தகப்பனுக்காக விழுங்கினாள்? மகளைச் சுமக்கிறேன் என்று நிமிர்ந்து நடந்தவனுக்கு இப்போது நிமிர முடியவில்லை.

திரும்பி வந்து, "இனிமே ஒன்னத் தூக்க மாட்டேன்" என்றான்.

"எப்பவுமா?"

"நீ கேட்டாத் தூக்குதேன்."

யோசித்தாள். "கேக்க மாட்டேன். மூட்டைன்னும் கூப்புடாத."

"பொறவு என்னன்னு கூப்புட?"

"பேரு வச்சிருக்கேல்லா? அதச் சொல்லிக் கூப்புடு."

சந்தனமாரி உள்ளிருந்து கத்தினாள்: "நல்லாக் கேளு! என்னயவும் இத்தன வருசமா 'இந்தா'ன்னுதான் கூப்புடுதாரு, அதயும் சேத்துக் கேளு!"

பூஜைக்கு முந்தின வாரம் சுயம்பு கொம்பையாவிடம், இந்த வருஷம் தராசை எடுத்துவிட்டுப் பிள்ளைகளைச் சும்மா தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்டுப் பார்த்தான்.

"ஏம்லே? மூணு தடவ நீ கட்டிக்கிட்ட. இப்ப மாடக்கண்ணு மவன் கூடிட்டான்னதும் தராசு வேண்டாமா?" என்று சிரித்தார் கொம்பையா. காரணத்தைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் ஷெட் முழுக்கப் பரவும். மகளின் மனசும் மைக்கில் ஏறிவிடும். சுயம்பு பேசாமல் வந்துவிட்டான்.

பூஜையன்று கொக்கிகளுக்கும் தராசுக்கும் சந்தனம் பூசி மாலை போட்டிருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கமாக நின்றார்கள். பிள்ளைகள் வரிசையாகத் தராசில் ஏறி இறங்கினார்கள். மாடக்கண்ணுவின் மகன் ஏறினான். "ஐம்பத்தி ஒம்பது!" என்றார் கொம்பையா. கைதட்டல். அந்தப் பையன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டதைச் சுயம்பு கவனித்தான். போன வருஷம் அவன் அதைக் கவனித்திருக்க மாட்டான்.

"அடுத்து சுயம்பு!"

சுயம்பு அசையவில்லை.

"என்ன அண்ணே, சரக்க எங்க?" என்றான் மாடக்கண்ணு. கூட்டம் சிரித்தது.

"இந்த வருசம் நான் இல்ல."

"அப்படிச் சொல்லக் கூடாது. போன வருசம் பரிவட்டம் கட்டுனவன் வந்து கழத்திக் குடுக்கணும்லா? இல்ல, முடியலன்னா முடியலன்னு சொல்லிரும். வயசாவுதுல்லா!"

 சுயம்புவின் பக்கத்தில் சிமெண்டு மூட்டைகள் கிடந்தன. இரண்டை ஒன்றாகத் தூக்கித் தலையில் வைத்து, அந்தப் பேச்சை அங்கேயே முடித்திருக்க முடியும். கை பரபரத்தது. ஆனால் அதைச் செய்தால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் மகளைத் தூக்கவில்லை என்றுதான் வரும்.

"ஆமாடே" என்றான். "முடியல. இடுப்பு போச்சு."

 லோடுமேன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது. இடுப்பு போச்சு என்று சொன்னவனை அப்புறம் பலகையில் ஏறவிட மாட்டார்கள். கிழிந்த சாக்குகளை ஊசியால் தைக்கவும், சிந்திய வெங்காயத்தைக் கூட்டி அள்ளவும்தான் விடுவார்கள். சுயம்புவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். கொம்பையா மைக்கை இறக்கிக்கொண்டு, "அதுக்கென்ன, உடம்புதானே" என்று முனகினார். மாடக்கண்ணுகூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

பெண்கள் பக்கமிருந்து வனிஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தகப்பனின் இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த ஷெட்டில் தெரிந்த இரண்டு பேரில் அவள் ஒருத்தி. வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எப்பா, வா. நாம நடந்துட்டு வருவோம்."

பிள்ளைகளைச் சுமந்தவர்கள் முன்னால் போக, தகப்பனும் மகளும் பின்னால் கைகோத்து நடந்தார்கள். ஓரத்தில் நின்ற ஒருவன் சும்மா இருக்காமல் கூவினான்: "என்னடே இது, சரக்கு தானா நடந்து போவுது!"

வனிஷா நின்று திரும்பினாள். "நடக்கத் தெரிஞ்ச சரக்கு மாமா. ஒமக்கு இதுல கூலி கெடைக்காது!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஷெட்டே வெடித்துச் சிரித்தது. கொம்பையா மைக்கில் சிரித்தார். கூவினவனை நாலு பேர் முதுகில் தட்டினார்கள். யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். சுயம்பு மகளைப் பார்த்தான். அவள் காது மடல்வரை சிவந்திருந்தாள். இந்தக் கைதட்டல் யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. தோணித்துறையின் நுனிவரை சுயம்பு நிமிர்ந்து நடந்தான். பரிவட்டம் கட்டிக்கொண்டு நடந்த எந்த வருஷமும் நெஞ்சு இப்படி விரிந்ததில்லை. மத்தியானப் பந்தியில் வனிஷா பாயசத்தை இரண்டாம்தடவை கேட்டு வாங்கினாள். மூன்றாவதை வேண்டாம் என்றாள். யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மறுநாளிலிருந்து சுயம்பு கையில் கோணி ஊசி. "ஊசி சுயம்பு" என்று பேரும் வைத்துவிட்டார்கள். அவன் தைத்தான், கூட்டினான், பதில் பேசவில்லை. தினமும் காலையில் மட்டும் முறை தவறாமல் படியில் உட்கார்ந்து, பெருவிரலை லுங்கியில் துடைத்துவிட்டுப் போனில் மூன்றை வைத்து அழுத்தினான். டீ டம்ளரோடு வனிஷா பக்கத்தில் வந்து உட்காருவாள்.

"இன்னைக்கு எத்தனப்பா?"

"மூணு."

"நேத்தும் மூணுதான?"

"இது வேற மூணு."

அப்படியே பேச்சு வளரும். சிந்துஜா இப்போது கூட்டாளி ஆகிவிட்டாள். கணக்கு சார் பேசும்போது எச்சில் தெறிக்கிறது. தோணிக்குள் எலி உண்டா? கடலில் விழுந்த இயந்திரத்துக்குத் துரு பிடிக்குமா? டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். வாரம் ஒருமுறை ஜெபசெல்வியிடம் போய்ப் பேசிவிட்டு வருவாள். எடை ஒன்றும் பெரிதாக இறங்கிவிடவில்லை, ஆனால் ஏறுவது நின்றது. நல்லி எலும்புக்கு மறுபடி சண்டை போட்டாள். ஒருநாள் கண்ணாடிமுன் நின்று வெகுநேரம் பாடினாள். கேட்கச் சகிக்கவில்லை. அப்பனும் அம்மையும் அடுப்படியில் நின்று, முடியும்வரை கேட்டார்கள்.

சுயம்பு ஷெட்டில் சாக்குத் தைத்துக்கொண்டே பெருமை அடித்துக்கொள்வான். "பூட்டுல ஒரு நெளிவு சுளிவு இருக்குடே. கூட்டிரவும் கூடாது, கொறச்சுரவும் கூடாது. அது எனக்குக் கைவந்துட்டு."

தைப் பொங்கல் கழிந்து, கருவியைப் புதுப்பிக்கக் கையெழுத்து வேண்டும் என்று ஜெபசெல்வி அவனைக் கூப்பிட்டார்.

"மேடம், நான் மூணுலயே வச்சிருக்கேன். ஒருநா கூட விடல. அதான் புள்ள தேறிட்டா" என்றான் உட்காருவதற்கு முன்பே.

ஜெபசெல்வி பேனாவை எடுத்துக் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லாமக் கையெழுத்து வாங்க முடியாது. பூட்டு தெறந்துதான் கெடக்கு."

"எப்ப இருந்து?"

"பூஜைக்கு மறுநாள்ல இருந்து. பள்ளிக்கூடம் விட்டு ஷேர் ஆட்டோ புடிச்சுத் தனியா வந்தா. 'எம் பசிய நானே பாத்துக்கிடுதேன், தெறந்து விட்டுருங்க'ன்னா. பன்னெண்டு வயசு முடிஞ்ச புள்ளை வேண்டாம்னு சொன்னா நான் தெறந்தாகணும். அவ சொல்லாம நான் வெளிய சொல்லவும் கூடாது. அதுதான் சட்டம். ஒங்க போன்ல எண் ஏறும். ஆனா உள்ள போவாது."

சுயம்பு தன் பெருவிரலைப் பார்த்தான். நூறு காலைகள் இருக்கும். துடைத்துத் துடைத்து அழுத்தியிருக்கிறான்.

"அப்ப நான் வச்ச மூணு?"

"சும்மா."

"அவளுக்குத் தெரியுமா?"

"அவதான அண்ணாச்சி தெறக்கச் சொன்னவ! எங்கப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. ஏன்னு கேட்டேன்." ஜெபசெல்வியின் குரல் இறங்கியது. "'அந்த வெரல வைக்கும்போது மட்டுந்தான் எங்கப்பா என்னத் தூக்காம, யாருக்கும் காட்டாம, சும்மா எம்பக்கத்துல இருக்காரு. அது நின்னுறக் கூடாது'ன்னா. நேத்துதான் ஒங்ககிட்டச் சொல்லலாமான்னு கேட்டேன். சொல்லிக்கிடுங்க, ஆனா வெரல மட்டும் நிறுத்திறச் சொல்லாதீங்கன்னா."

சுயம்பு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தான். சாவியைப் போடவில்லை. முதலில் கண் கலங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. மையத்துக் காவலாளி திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். அத்தனை பெரிய ஆட்களின் கருவியைத் தன் வாயாலே திறக்கவைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே "இன்னைக்கு எத்தனப்பா" என்று கேட்டிருக்கிறாள். எம்புள்ளடா என்று ஷெட்டில் போய்க் கொம்பையாவின் மைக்கைப் பிடுங்கிச் சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்ல மாட்டான் என்றும் அவனுக்குத் தெரிந்தது. இத்தனை பெரிய பெருமையை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவன் மெதுவாக வண்டியை ஓட்டி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை படியில் வந்து உட்கார்ந்தான். போனை எடுத்தான். பெருவிரலை லுங்கியில் துடைத்தான். வனிஷா டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்து, ஓரக்கண்ணால் அவன் முகத்தை ஒருமுறை அளந்தாள்.

"இன்னைக்கு எத்தனப்பா?"

"மூணு" என்றான் சுயம்பு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"பாத்து வையிப்பா. கூடிரப் போவுது" என்றாள் வனிஷா, அவனைவிட இறுக்கமாக.

அவன் விரலை அழுத்தினான். அழுத்தியபடியே வெகுநேரம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.